நீலவார்ச் செருப்பு

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இங்கிலாந்தின் யார்க் நகரத்தைச் சுற்றிக் காட்டலாமென்று டெரன்ஸ் ஊரிலிருந்து வந்த அம்மாவைக் கூட்டி வந்திருந்தான். கோட்டைச் சுவரையும் குறுகிய தெருக்களையும் நிற்காமல் கடந்த லூர்தம்மாள், பெரிய கிறிஸ்தவக் கோயிலின் வாசலுக்கு வந்ததும் நின்று, தூத்துக்குடியில் செய்வதுபோலவே நீலவார்ச் செருப்பைக் கழற்றி மழையில் நனைந்த படியோரம் விட்டாள்.

"எம்மா, இங்க யாரும் கழட்ட மாட்டாவ. எல்லாரும் பாக்காவ, மாட்டும்மா."

"பாக்கட்டும். ஆண்டவர் முன்னால செருப்போடயா போய் நிப்பாவ?"

அந்த நாட்டுக்காரர்கள் கண்ணில் உறுத்தாமல் நடக்கவே இத்தனை வருடமாகப் பழகியிருந்த டெரன்ஸுக்கு உடம்பே கூசியது. முன்பின் தெரியாதவன்போலப் பின்தங்கி வந்தான். அவளோ கல்தரையின் குளிர் முழங்கால்வரை ஏற, ஈரப் பாதங்கள் தடம் பதிக்க, பீடம்வரை நிமிர்ந்து நடந்தாள். முழங்காலிட்டு, ஜெபமாலை முழுவதையும் சொல்லி முடித்துத்தான் எழுந்தாள்.

வெளியே வந்தபோது படிகளே தெரியவில்லை. பூட்ஸுகள், குதி உயர்ந்த செருப்புகள், விளக்கு மினுங்கும் குழந்தை ஷூக்கள், ஒரு போலீஸ்காரரின் கனத்த ஜோடி என்று தெருவரைக்கும் கிடந்தன. இன்னும் வந்துகொண்டிருந்தவர்கள் குனிந்து கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசலில் ஷூவோடு நின்றவன் டெரன்ஸ் ஒருவன்தான்.

லூர்தம்மாள் மேல்படியில் நாலு ஜோடியை ஒதுக்கிவிட்டு, காலை நீட்டிச் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"என் செருப்பத் தேடி எடுல," என்றாள். "நீலவாரு."

டெரன்ஸ் குனிந்தான். குனிந்தவன் முதலில் அவிழ்த்தது தன் ஷூ கயிற்றைத்தான்.