கவுன்டருக்கு அந்தப் பக்கம்

"அடுத்தது யாரு? வாங்க."

அப்பா சமையலறைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே, தட்டு நீட்டுவதற்கென்று வைத்த சின்ன ஜன்னல். அதுதான் விசா கவுன்டர். மகள் கூடத்துப் பக்கம் நின்றாள். தோளில் பை, காலில் ஷூ.

"குட் மார்னிங் சொல்லலையே?"

"குட் மார்னிங் சார்."

"சிரிச்சிட்டே சொல்லணும். ஆனா பல்லு தெரியக் கூடாது."

"அது எப்படிப்பா?"

"சார்."

"அது எப்படி சார்?"

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த நாளிலிருந்து இந்த ஒத்திகை நடக்கிறது. பெரும்பாலும் காலையில், அவர் வேலைக்குக் கிளம்புமுன். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பழகிய குரல். அதில் இரக்கம் இருக்காது. இன்று லீவு போட்டிருந்தார்.

"என்ன படிக்கப் போறீங்க?"

"நிலத்தடி நீர்."

"ஏன், இங்க தண்ணி இல்லையா?"

"தண்ணி இருக்கு சார். அது எங்க போகுதுன்னு சொல்லித் தரத்தான் ஆளில்ல."

அப்பா தலையசைத்தார். முன்பு ஒரு நாள் இதே பதிலுக்குத் திமிர் என்று திட்டியிருந்தார்.

"எத்தனை இடத்துல அப்ளை பண்ணீங்க?"

"அஞ்சு. நாலு பேரு முடியாதுன்னுட்டாங்க."

"நாலு பேரு வேண்டாம்னு சொன்ன ஆளுக்கு நான் ஏன் விசா தரணும்?"

"அஞ்சாவது ஆளுக்குத்தானே சார் கண்ணு தெரிஞ்சிருக்கு."

"இது யாரு சொல்லிக் கொடுத்த பதில்?"

"நீங்கதான்."

"சரி. செலவுக்கு?"

"உதவித்தொகை. அந்தத் துறையிலேயே தர்றாங்க."

"படிப்பு முடிஞ்சதும்?"

"திரும்பி வருவேன்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. நான் ஏன் நம்பணும்?"

மாணவர் விசாவில் கழுத்தைப் பிடிக்கிற கேள்வி இது. திரும்பி வருவாள் என்று கேட்கிறவர் நம்ப வேண்டும். நம்பாவிட்டால் மார்க்கு, பரீட்சை, அனுமதி எல்லாம் வீண்.

"இங்க வேலை கிடைக்கும் சார். நீர்வளத் துறையில..."

"அங்க கிடைக்காதா? இதைவிடப் பெருசா?"

"வீடு இருக்கு."

"வாடகை வீடு."

"அப்பா இருக்கார்."

"அவருக்கென்ன? உடம்புக்கு முடியலையா?"

"கல்லு மாதிரி இருக்கார். சமைக்கத்தான் வராது."

"முட்டை பொரிப்பாரே?"

"அதுக்குப் பேரு பொரிக்கிறது இல்ல சார். தீ விபத்து."

அப்பா சிரிக்கவில்லை. ஆபீசர்கள் சிரிப்பதில்லை.

"துணைக்கு வேற யாரு?"

"யாரும் இல்ல. அம்மா போனப்புறம் நானும் அவரும்தான்."

"பேச்சுத் துணைக்குக்கூடவா?"

"தினமும் ஆயிரம் பேரோட பேசறார் சார். எந்த ஊரு, எத்தனை பேரு, சில்லறை இருக்கா."

"வீட்டுக்கு வந்து?"

அவள் குனிந்து ஷூ நாடாவைச் சரிசெய்தாள்.

"அப்புறம் ஏன் அவரை விட்டுட்டுப் போறே?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் எட்டி இறுக்கினார்.

"இது நம்ம கேள்வியில இல்லையேப்பா."

"ஆபீசர் என்ன வேணா கேப்பார்."

"அங்க ரெண்டே நிமிஷம்தான். இவ்வளவெல்லாம் கேக்க மாட்டாங்க."

"அவங்க கேக்கலைன்னா போகட்டும். நான் கேக்கறேன்."

அவள் பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவர்தான் சார் போகச் சொன்னார். நான் இங்கேயே படிக்கறேன்னுதான் சொன்னேன். கிணத்துத் தவளையா இருக்காதேன்னார். விண்ணப்பத்துக்குக் கட்டுரை எழுதணும். எனக்கு வரவே இல்ல, வெறுத்துப்போய் விட்டுட்டேன். பக்கத்துல உக்காந்து திரும்பவும் எழுத வெச்சது அவர்தான்."

"விவரம் கெட்ட மனுஷனா இருப்பார் போல."

"ஆமா சார். ஆனா இதுவரைக்கும் யாருக்கும் தப்பான டிக்கெட் கொடுத்ததில்ல."

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ள நேரமாயிற்று.

"கடைசியா ஒரு தடவை. படிப்பு முடிஞ்சதும்?"

"திரும்பி வருவேன்."

"தரையைப் பாத்துச் சொன்னா யாரு நம்புவா?"

"திரும்பி வருவேன் சார்."

"சார் வேண்டாம்."

"திரும்பி வருவேன்ப்பா."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே நிற்கிற ஒரு முகத்தை அவர் எந்தக் கவுன்டரிலும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"நேரமாகுதுப்பா."

"கவுன்டர்ல நின்னுக்கிட்டு நேரமாகுதுன்னு சொல்லுவியா?"

வாசலில் காலடிச் சத்தம். டாக்சி டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பெட்டியும் ஏத்தியாச்சும்மா. இப்பக் கிளம்பினாத்தான் ஃப்ளைட்டைப் பிடிக்க முடியும்."

அவளுக்கு விசா கிடைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அப்பா ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"வரிசையில வேற யாரும் இல்ல," என்றார். "இன்னொரு தடவை சொல்லிட்டுப் போ."