பழுக்காத சீப்பு

“இது வாழைப்பழமா, இல்ல ரப்பரா?”

கேட்டுக்கொண்டே சீப்பை எடை மேசைமேல் வைத்தாள் அந்தப் பெண். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்றே சொல்லலாம். முழுச் சீப்பும் கிளிப்பச்சை. ஒரு காயில்கூட மஞ்சள் எட்டிப் பார்க்கவில்லை.

மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டின் பழப் பகுதி அது. எடை போடுகிறவள் பதறி எழுந்தாள்.

“எப்பக்கா வாங்கினீங்க?”

“போன வாரம். எங்கப்பா இங்கதான் வாங்கினார். இன்னிக்குப் பழுக்கும், நாளைக்குப் பழுக்கும்னு பாக்கறேன், கல்லு மாதிரி அப்படியே இருக்கு. என்ன ஊசிம்மா போடறீங்க இதுக்கு?”

எடைக்காக வரிசையில் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். பாவம், அவர்களும் காசை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்கள். அவர்களுக்கும் பயம் இருக்காதா?

“விலையைப் பாத்தப்பவே நெனச்சேன். இவ்வளவு மலிவா எவன் குடுப்பான்?” என்றார் தக்காளிப் பையோடு நின்ற ஒருவர்.

“எங்க வீட்டுல வாங்கின அன்னிக்கே கறுத்துப் போச்சு. இவங்களுக்குப் பழுக்கவே மாட்டேங்குது. எல்லாம் மருந்து வேலைதான்!” என்றாள் குடையை இடுக்கியிருந்த ஓர் அம்மாள்.

“உங்களுக்கு என்னங்க குறை? ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும் இருக்கும்!” என்றார் தக்காளிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. விரல்களை விரித்துக் காட்டினாள். “காம்பைப் புடிச்சேன், பிசுபிசுன்னு ஒட்டுது பாருங்க. இது மருந்து இல்லாம வேற என்ன?”

எடை போடுகிறவள் அந்த விரலைத் தொட்டுப் பார்த்தாள். அவள் புருவம் சுருங்கியது. “அது காம்புப் பாலுக்கா. வெட்டிக் கொஞ்ச நாளாயிட்டா அது காஞ்சிருக்கணுமே…”

“சமாளிக்காதம்மா!” என்று குடைக்கார அம்மாள் அதட்டினாள்.

கோபத்தோடு வந்தவள் விரித்த கையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்கறாங்க. இனிமே மாத்திரை வேணாம்னு டாக்டரே சொல்லிட்டார். தண்ணிகூட சரியா எறங்கல. வாயைத் தொறந்து கேட்டது இந்தப் பழத்தைத்தான். கண்ணு முழிக்கும்போதெல்லாம் ‘பழுத்துச்சா, பழுத்துச்சா’ன்னு கேக்கறாங்க. நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?”

தக்காளிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“பழுத்ததாவே வேற வாங்கிக் குடுத்திருக்கலாமேம்மா?” என்றாள் குடைக்கார அம்மாள், இப்போது தணிந்த குரலில்.

“எங்கப்பா விடணுமே! கடையில பழுத்தது நெஞ்சைக் கட்டும், வீட்டுலயே தானா பழுக்கட்டும்ங்கறார். அவரேதான் துணியில சுத்தி வெக்கறார், அவரேதான் பிரிச்சுப் பாக்கறார். யாரையும் கிட்ட விடறதில்ல. இன்னிக்கு அவர் காலாற நடக்கப் போனாரு, அந்த நேரம் பாத்துத் தூக்கிட்டு வந்தேன்.” முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “எங்கம்மா பிடிவாதக்காரிங்க. ஒண்ணு சொன்னா சொன்னதுதான். அந்தப் பழத்தைத் தவிர வேற எதை நீட்டினாலும் வாயை இறுக்கிக்கறாங்க.”

எடை போடுகிறவள் அதற்குமேல் நிற்கவில்லை. உள்ளே ஓடி, இருப்பதிலேயே நல்ல மஞ்சள் சீப்பாகத் தேடி எடுத்து வந்து அவள் கையில் வைத்தாள்.

“பச்சையை நான் மாத்திக்கறேன். நீங்க மொதல்ல கொண்டுபோய் ஊட்டிவிடுங்க. வீட்டுல பழுத்ததுன்னே சொல்லுங்க, ஒண்ணும் தப்பில்ல.”

அந்தப் பெண் பழத்தை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். அதற்குள் எடை போடுகிறவள் அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, யாரையோ பழகிய குரலில் கூப்பிட்டாள்.

“ஐயா, இன்னிக்கும் பச்சைதானா? மஞ்சள் எல்லாம் நல்லா வந்திருக்கு, ஒரு தடவையாவது வாங்கித்தான் பாருங்களேன்!” பிறகு இவளிடம், “நாள் விட்டு நாள் வருவார்க்கா. இருக்கறதுலயே கெட்டியான காயாப் பொறுக்குவார். என்னதான் பண்றாரோ!” என்றாள்.

பழ அடுக்கின் முன்னால், கைத்தடியை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சீப்பாக அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு முதியவர்.

“அப்பா!”

அவர் திடுக்கிட்டார். திருடி அகப்பட்ட குழந்தைபோல, கையிலிருந்த பச்சைச் சீப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அப்புறம்தான் மகள் கையிலிருந்த மஞ்சளைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றிப் போயிற்று.

“பாப்பா… அதை வீட்டுக்குக் கொண்டு வராதம்மா.”

“மாத்தி மாத்தி வெச்சது நீங்கதானா?” அவளுக்கு நம்பவே முடியவில்லை. “எப்பப் பழுக்கும்னு அம்மா அதுக்காகவே காத்துக்கிட்டு இருக்காங்கப்பா!”

“ஆமா. அதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கா.”

“அப்புறம் ஏம்பா? அந்த ஒரு வாயைச் சாப்பிட விட்டா என்ன?”

சுற்றி நின்றவர்கள் யாரும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

“அதைச் சாப்பிட்டுட்டுப் போயிடறேன்னு எங்கிட்ட சொல்லியிருக்காம்மா.”