நிழல் விழும் கொல்லை

கிள்ளானில் பெர்னடெட்டின் வீட்டுக் கொல்லையில் நாள் முழுக்க நிழல்தான். பின்சந்துக்கு அப்பால் எழுந்த அடுக்குமாடி வெயிலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஈர மண்ணில் குத்துக்காலிட்டு அவள் வல்லாரை கிள்ளுகிறாள். நகம் காம்பில் படும்போது மெல்லிய சத்தம் கேட்கிறது. சந்தில் மணல் லோரி உறுமிக்கொண்டிருக்கிறது. கணவர் கொர்னேலியஸ் வரவழைத்தது. "நான் போட்ட மொளகா ஒரு பூ கூட விடல. சிமெண்ட் போட்டா மோட்டார் சைக்கிளாச்சும் நிறுத்தலாம்லா," என்கிறார். அவள் நிமிரவில்லை. "மொளகாய்க்கு வெயில் வேணும். இதுக்கு வேணாம். நேத்து ரெண்டு தடவ போட்டுக்கிட்டீங்களே வல்லாரை சம்பல், அது பங்சார் சூப்பர்மார்க்கெட்லேர்ந்தா வந்துச்சு?" கொர்னேலியஸ் சந்தைப் பார்த்தபடி கொல்லைக்குள் ஓரடி எடுத்து வைக்கிறார். தழை தரையெங்கும் படர்ந்து, நிழலில் கரும்பச்சையாக மினுங்குகிறது. ஓட்டுநர் தலையை நீட்டுகிறார். "அண்ணே, மணல எங்க கொட்ட? கீரை மேலயா?" பெர்னடெட்டின் விரல்கள் நிற்காமல் அடுத்த காம்புக்குப் போகின்றன. கொர்னேலியஸ் குனிந்து பார்க்கிறார். அவருடைய செருப்பின் கீழே இரண்டு இலைகள் மடங்கிக் கிடக்கின்றன. காலை மெதுவாக எடுத்துப் படிக்கல்லில் வைக்கிறார். "முன்பக்கம் கொண்டு போங்க," என்கிறார். "சிமெண்ட்ட அங்க போட்டுக்கலாம்."