நீலக் கம்பியின் ஓய்வு நாள்

துரைப்பாண்டி வீட்டிலேயே செய்த ஆம்பிளிஃபயர் பெட்டிக்குள் மூன்று கம்பிகள் இருந்தன. சிவப்பு பாட்டைச் சொல்லும். நீலம் அதையே, ஏற்றத்தை இறக்கமாக்கி, தலைகீழாகச் சொல்லும். உறையில்லாத மொட்டைக் கம்பி தரையோடு இணைந்திருக்கும், பாட்டில் எதுவும் சொல்லாது. சிவப்பு சொன்னதிலிருந்து நீலம் சொன்னதைப் பெட்டி கழிக்கும். இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டிய இரைச்சல் அதில் போய்விடும், பாட்டு நிற்கும்.

ஒரு நாள் பழைய டேப் ரெக்கார்டர் வந்தது. அதனிடம் தலைகீழ்ப் பாட்டு இல்லை. அதனால் துரைப்பாண்டி நீலத்தின் மறுமுனையை மட்டும் எதிலும் சேர்க்காமல் தொங்கவிட்டார்.

"எனக்கு இன்று லீவு" என்றது நீலம்.

பாட்டோடு ஓர் உறுமலும் வந்தது.

"யாரடா முனகுவது?" என்றது சிவப்பு.

"நான் வாயே திறக்கவில்லை, அண்ணே!"

"பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர் முனகுவதை நீதானே வாங்கி ஒப்பிக்கிறாய்" என்றது மொட்டை.

துரைப்பாண்டி சலித்துப்போய்க் கம்பி பிடுங்கும் குறடு ஒன்றைக் கையில் எடுத்தார். "மூன்று கம்பியும் வேண்டாம், பிடுங்கிவிடலாம்."

"அக்கா, இப்போது என்ன செய்வேன்?" என்று மொட்டையிடம் கேட்டது நீலம்.

"என்மேல் சாய்ந்துகொள்."

நீலம் சாய்ந்தது. உறுமல் நின்றது. துரைப்பாண்டி குனிந்து பார்த்தார். கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டும் தொட்ட இடத்தில் ஒரு சொட்டு ஈயம் வைத்தார்.

பாட்டு ஓடியது. நீலம் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி அந்த மௌனத்தையும் கவனமாகக் கேட்டுக் கழித்துக்கொண்டிருந்தது.