சனியின் வாகனம்

அந்த மொட்டைமாடிக் காக்கைக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்திதான். இருக்காதா பின்னே? சனி பகவானின் வாகனமாயிற்றே! சனிக்கிழமை தவறாமல் வீட்டுக்கார அம்மா கைப்பிடிச் சுவரில் எள்ளுச்சோறு வைத்துவிட்டு, "வாங்க, வந்து சாப்பிடுங்க" என்று அதைக் கும்பிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, இருட்டத் தொடங்கும் நேரம். மாடிக்குப் புதிதாக வந்திருந்த தொலைநோக்கி காக்கையைக் கூப்பிட்டது.

"உங்க முதலாளி தெரியறார், பார்க்கிறீங்களா?"

காக்கை அவசரமாக இறகைக் கோதிக்கொண்டு, ஒரு கண்ணை வைத்துப் பார்த்தது. வளையம் மாட்டிய சின்ன உருண்டை ஒன்று அந்தரத்தில் மினுங்கியது.

"அடேயப்பா, என்ன அழகு! எப்போ கிளம்பறாராம்? நான் தயாரா இருக்கணுமே."

"அவர் எப்பவும் போய்க்கிட்டேதான் இருக்கார். சூரியனை ஒரு சுத்து சுத்திவர கிட்டத்தட்ட முப்பது வருஷம்."

"யார் மேல ஏறி?"

"யார் மேலயும் இல்லை. தானாத்தான் போறார்."

காக்கை அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தொலைநோக்கியை ஒட்டி வந்து குரலைத் தாழ்த்தியது.

"அண்ணே, அந்த அம்மாவை மட்டும் இதுல பார்க்க விட்டுடாதீங்க. விடிஞ்சா சனிக்கிழமை!"