மருந்து மூடியில் பத்துமணிப் பூ

மணி பத்தரை. சன்னல் கம்பிகளுக்கிடையே நுழைந்த வெயில், இருமல் மருந்தின் சின்ன மூடிகளில் தண்ணீரோடு நிற்கும் ஏழு பத்துமணிப் பூக்களின் மேல் விழுகிறது. வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போகிற இடமெல்லாம் ஜெபகுமாரி ஒரு தண்டு கிள்ளி, ஈரக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்து வளர்த்தவை. தினமும் இவை விரிகிற நேரத்தில்தான் இடுப்பு வலிக்கான மாத்திரை அவள் கணவர் ரசலையனை உறக்கத்தில் தள்ளும். அவர் விழிக்கும்போது எல்லாம் கூம்பியிருக்கும். கட்டிலோடு கிடக்கும் இந்த நான்கு மாதத்தில் ஒரு பூவைக்கூட அவர் விரிந்து கண்டதில்லை. “இன்னைக்கு மாத்திரை பொறவு தந்தா போதும்,” என்கிறார். “வலி எடுக்கும்லா?” “எடுக்கட்டு. நீ பூவக் காட்டு.”

மாத்திரையைக் கைக்குள் வைத்துக்கொண்டே அவள் கட்டிலோரம் தரையில் அமர்கிறாள். “இந்த மஞ்சள் மண்டைக்காட்டு மாமி வீட்டுல கிள்ளுனது. அந்த ரோஸ் வந்து…” குரல் தேய்ந்து, தலை மெத்தை விளிம்பில் சாய்கிறது. விடியுமுன் எழுந்து அவரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிய அலுப்பு. வெயில் மெல்ல நகர்கிறது. ரோஸ் எந்த வீட்டிலிருந்து வந்ததென்று தெரியவில்லை. இடுப்பில் கிளம்பிய வலி தொடைக்கு இறங்க, ரசலையன் பல்லைக் கடித்துக்கொள்கிறார். ஒரு முறை கூப்பிட்டால் போதும், பதறி எழுந்துவிடுவாள். சன்னலில் மஞ்சள் முதலில் கூம்புகிறது, பிறகு ரோஸ். அவளுடைய மூடிய கைக்குள் வியர்வையில் கரைந்த மாத்திரை, விரலிடுக்கில் வெள்ளையாகக் கசிந்துகொண்டிருக்கிறது.