உள்ளே போகிற ஷூ

ஒரு ரப்பர் செருப்புக்கு ஒரு தோல் ஷூவின் மேல் தீராத வயிற்றெரிச்சல். செருப்பு கோமதியுடையது. அவள் கோயிலுக்குப் போனால் அது வாசலோடு சரி. ஷூ அவள் சிநேகிதன் ஜெரால்டுடையது. ஞாயிறுதோறும் சர்ச்சுக்குள்ளேயே போய்வரும்.

"பீடம் வரைக்கும் போயிருக்கேன். நீ சாமியைப் பார்த்ததே இல்லையாமே?" என்று பீற்றிக்கொள்ளும்.

அந்த ஊரில் ஒருவர் சாமி வாசலை இன்னொருவர் மிதிப்பதில்லை. கோமதியும் ஜெரால்டும் அவர்கள் சிநேகிதி சபீனாவும் அதை மாற்றத் துணிந்தார்கள். முதல் வாரம் சர்ச், அடுத்தது பள்ளிவாசல், பிறகு கோயில் என்று முடிவானது.

"ஞாயித்துக்கிழமை நானும் உள்ளே வர்றேன், பார்த்துக்கோ" என்றது செருப்பு.

அன்று சர்ச் படியில், பழக்க தோஷத்தில், கோமதி செருப்பைக் கழற்றிவிட்டாள். சபீனாவும் கழற்றினாள்.

"போட்டுக்கிட்டே வரலாம்ப்பா" என்றான் ஜெரால்டு.

"சாமி இருக்கிற இடம்டா, கால் கூசுது" என்றாள் கோமதி.

செருப்புக்கு வயிறு பற்றி எரிந்தது. 'பாவி மகளே, இன்னிக்குமா?'

ஜெரால்டு தயங்கி நின்றான். பிறகு குனிந்து நாடாவை அவிழ்த்து, ஷூவைச் செருப்புக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு அவர்களோடு உள்ளே போனான்.

"வாங்க பெரிய மனுஷரே" என்றது செருப்பு. அதற்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

வெயில் ஏறியது. உள்ளே பாட்டு தொடங்கியது. கடைசியில் ஷூ மெல்லக் கேட்டது:

"திரும்பி வருவாங்களா?"

செருப்பு அதை ஏற இறங்கப் பார்த்தது.

"வருவாங்க. எனக்கு இதுதானே பழக்கம். நீ என்னை ஒட்டியே இரு. பளபளன்னு வேற இருக்கே, எவனாவது மாட்டிக்கிட்டுப் போயிடுவான்."